“அந்தப் போல்ட் வந்துச்சா?”

திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியில் நான் அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் உண்டு. “தள்ளிப்போட்ட வேலை ஒன்னை இன்னிக்கே ஆரம்பிங்க!” சொல்லிவிட்டு ஒரு துள்ளல் பாட்டைப் போட்டுவிடுவேன். ஒருநாள் நேயர் ஒருவர் அழைத்து, “அது இருக்கட்டும் மேடம், நீங்க எதைத் தள்ளிப் போட்டிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டார். நேரலை வேறு. சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்த நொடியில் கண்முன் வந்தது, கிள்ளானில் அம்மா வீட்டு வாசலில் நீலத் தார்ப்பாயின் கீழ் கிடக்கும் சாகா.

1988 மாடல் புரோட்டோன் சாகா, 1298 சிசி எஞ்சின். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா, தனக்கென்று வாங்கிய முதல் கார். சாகா அறிமுகமானது 1985 ஜூலை 9. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவை அடிப்படையாகக் கொண்ட வண்டி என்றாலும், அந்தக் காலத்தில் அதை வைத்திருந்தவர்களுக்கு அது ‘நம்ம ஊரு காரு’. முதன்முதலில் தயாரான சாகாவைத் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வண்டியின் மேல் படிந்த தூசியைப் பார்த்தவர்கள், இதையும் அங்கேயே அனுப்பலாம் என்பார்கள்.

நான் ஓட்டிப் பழகியது அதில்தான். கிளட்சை எந்த இடத்தில் விடவேண்டும் என்று தெரியாமல் வண்டியைக் குலுக்கிக் குலுக்கி நிறுத்துவேன். “காலைப் பாக்காத. சத்தத்தைக் கேளு. அது சொல்லும்” என்பார் அப்பா. இன்று ஒலியை வைத்துப் பிழைப்பவள் நான். அந்தப் பாடத்தை முதலில் நடத்தியவர் அவர்தான் என்று இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அந்தக் கார் ஓடாமல் நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. குளிர்விக்கும் தண்ணீர் எண்ணெயோடு கலந்து, எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே தேத்தாரே நிறத்தில் நுரை. அப்போது எனக்குத் திருமணம் ஆகவில்லை. பாதி நாள் வீட்டிலிருந்தே ஒலிப்பதிவு. மீதி நேரத்தில் என்ன செய்வது? ஸ்பேனரை எடுத்தேன்.

கழற்றுவதைப் போல் சுகமான வேலை உலகத்தில் இல்லை. அறிவே தேவையில்லை, ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் ஏதோ ஒன்று கையோடு வந்துவிடுகிறது. இரண்டே வாரத்தில் கார்புரேட்டர், ரேடியேட்டர், சிலிண்டர் ஹெட் எல்லாம் வெளியே. போல்ட்டுகள் அத்தனையும் மூன்று மைலோ டின்களில். எது எங்கிருந்து வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. நீங்கள் எப்போதாவது எதையாவது பிரிப்பதாக இருந்தால், இந்த ஒரு தவற்றை மட்டும் செய்யாதீர்கள்.

பிறகு அந்த நாள். புகைக்குழாய் மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் ஒன்று, துருவேறி, நான் கொடுத்த முரட்டுத் திருகலில் பாதியில் முறிந்தது. எடுத்துவிடலாம் என்று டிரில் போட்டேன். ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். கொஞ்சம் சறுக்கினாலும் டிரில் மெதுவான பக்கம்தான் போகும். போனது. துளை கோணலாகிவிட்டது. அப்பாவின் வண்டியை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியதும் கை ஓடவில்லை. ஹெட்டைப் பழைய கைலியில் சுற்றி ஸ்டோர் ரூமில் வைத்தேன். “ஒரு போல்ட் மாட்டிக்கிச்சுப்பா, எடுக்கணும்” என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்பா கேட்பார். “அந்தப் போல்ட் வந்துச்சா?”

“அடுத்த வாரம்ப்பா.”

வேலை கூடியது. 2021இல் திருமணம், ஷா ஆலமுக்குக் குடிபோனது, பிறகு மகள். காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நேரம் இல்லை என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் பழைய கார்களைப் புதுப்பிக்கும் காணொளிகளைப் பார்க்க நள்ளிரவுகளில் நேரம் இருந்ததே. ஒரு காணொளி முடிந்ததும் நானே ஒரு வண்டியைச் செய்து முடித்தது போல் ஒரு நிறைவு வரும். அந்த நிறைவுதான் மோசம். இணையத்தில் வாங்கிய கேஸ்கெட் செட்டும் டைமிங் பெல்ட்டும் பிரிக்காத பெட்டியில் கிடந்தன.

2022இல் இனிப்பு நீர் அப்பாவின் இடது பாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. வீடு திரும்பிய அவர், அந்தப் போல்ட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாகா கியர் வண்டி. கிளட்ச், இடது காலுக்கு உரியது. இனி அந்தக் காரை முடித்து நிறுத்துவது, உங்களால் முடியாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதைப்போல இருக்கும் என்று நினைத்தேன். தார்ப்பாய் எங்கள் இருவருக்குமே வசதியாக இருந்தது.

2024இல் ஒரு சனிக்கிழமை. தாமானுக்குள் பழைய சாமான் லோரி வந்தது. ஒலிபெருக்கியில் “பெசி பூரோக், சூராட் காபார் லாமா” என்று ஒரே பதிவு, ஓயாமல். (தினமும் என்னைக் கேட்பவர்களைவிட அந்தக் குரலைக் கேட்பவர்கள் அதிகம்.) அம்மா விலையே பேசிவிட்டார். 900 வெள்ளி. எனக்கும் மனத்தின் ஓரத்தில் ஒரு நிம்மதி.

அப்பா தாங்கியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். “விக்கிறதுன்னா வித்துக்குங்க. ஆனா ஹெட்டையும் சேத்துக் குடும்மா. இல்லேன்னா ஏமாத்துன மாதிரி ஆயிரும்.”

கைலியைப் பிரித்து ஹெட்டை அவர் முன் வைத்தேன். கோணல் துளையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுக்கா நாலு வருசம்?”

“இது மட்டும் இல்லப்பா. முடிச்சா... நீங்க எப்படி ஓட்டுவீங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஓட்டறதப் பத்தி இங்க யாரும்மா பேசுனா? நான் போல்ட்டப் பத்தித்தான கேட்டேன்.”

“அப்புறம் ஏன் கேக்கறத விட்டுட்டீங்க?”

“கைப்பிள்ளைக்காரி. உன்னைப் போயி எத்தனை தடவ தொல்லை பண்றது?”

லோரிக்காரரை அம்மாதான் சமாதானப்படுத்தி அனுப்பினார். பழைய செய்தித்தாள்கள் அவருக்கு இலவசமாகப் போயின.

அடுத்த வாரமே ஹெட்டைத் தூக்கிக்கொண்டு மேருவில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். வயதான சீன தவுக்கே. துளையைப் பார்த்துவிட்டு, “இனி சாஜாக்கா, அமோய்?” என்றார். இவ்வளவுதானா! முறிந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தார். அந்தச் சூட்டில் துருவின் பிடி தளர்ந்தது. ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருப்ப, அது சாதுவாக வெளியே வந்தது. நான் கெடுத்த துளையில் புதிய மரையைப் பொருத்தி, ஹெட்டின் அடிப்பக்கத்தையும் சமன்படுத்தித் தந்தார். 120 வெள்ளி. அன்று பட்டறை வாசலில் எனக்கு வந்த வெட்கத்துக்கு விலை தனி.

அதன்பிறகு ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். சனிக்கிழமை மகள் தூங்கும் இரண்டு மணி நேரம் மட்டும். கிளம்பும் முன், அடுத்த வாரம் முதலில் தொட வேண்டிய பாகத்தை டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்து நிற்க வேண்டியதில்லை. சில வாரங்களில் ஒரு பாகம்கூட மாட்டவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மைலோ டின்களை அப்பா எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாக விரலில் உருட்டி, “இது தண்ணிப் பம்பு, இது கார்புரேட்டர்” என்று முட்டைத் தட்டின் குழிகளில் பிரித்து வைத்தார். இரண்டு மட்டும் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. டைமிங் பெல்ட்டை மாட்டியபின் எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்க்கச் சொன்னார். நேராக வந்தன. அப்படியும் என்னை இன்னொரு முறை சுற்ற வைத்தார்.

இவ்வாண்டு பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை. புதிய பேட்டரி, புதிய பெட்ரோல். சாவியைத் திருப்பினேன். நான்காவது முயற்சியில் பிடித்தது. ஒரே புகை. வண்டி காய்ச்சல் கண்டதைப்போல நடுங்கியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா உள்ளிருந்து ஏதோ கத்தினார். எனக்கு மட்டும் சிரிப்பு நிற்கவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கினார்.

“அமத்து. மூனுலதான் அடிக்குது. இன்னொன்னு என்னாச்சு பாரு.”

பார்த்தேன். இரண்டாவது சிலிண்டரின் பிளக் கேபிள் சரியாக உட்காரவில்லை. அழுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். இந்த முறை அவர் கையைத் தூக்கவில்லை.

வண்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. பின்சக்கர பிரேக் சிலிண்டர்கள் இரண்டும் கசிகின்றன, சாலை வரி, காப்புறுதி எல்லாம் அதற்குப் பிறகுதான். நேற்று தொலைபேசியில் அழைத்து, பேத்தியைப் பற்றிக்கூட விசாரிக்காமல் கேட்டார். “பிரேக் சிலிண்டர் வந்துச்சா?”

உதிரிபாகக் கடையில் வலது பக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது. இடது பக்கத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.