மண்ணைக் கேட்டு ஓடு

கோலார் தங்க வயலில் அந்தக் கல்லூரி மாணவனின் ரோபோ கிட்டத்தட்ட தயார். எப்படி நகர்வது என்பதுதான் பிரச்சினை.

அவனுக்குக் கால்கள் மீது ஆசை. ஆறு கால், காலுக்கு இரண்டு என்றாலும் 12 சர்வோ மோட்டார்கள். கையில் அவ்வளவு காசில்லை. சக்கரம் பூட்டினான். வீட்டுத் தரையில் பறந்தது. சயனைடு மேட்டின் மாவு மண்ணில் புதைந்து நின்றது.

தாத்தா, 2001-ல் மூடப்பட்ட சுரங்கத்தில் உழைத்தவர். "தண்டவாளம் இருக்கிற வரைக்கும்தான்டா சக்கரம். நம்ம பெமல் புல்டோசர் எதுல ஓடுது?" என்றார்.

"நிலாவுல பிரக்யான் 2023-ல ஆறு சக்கரத்துலதானே தாத்தா ஓடுச்சு?"

"அந்த மண்ணுக்கு அது. நீ இந்த மண்ணைப் பாரு."

செயின் பட்டை மாட்டினான். எடை பரவியதால் புதையவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பட்டை மண்ணை உரசி இழுக்க, பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. திருப்பங்களைக் குறைத்து, நேராக ஏறவிட்டான்.

தங்கம் எடுத்தபின் மிஞ்சிய அந்த மேட்டில் இப்போது தாத்தாவால் ஏற முடியாது. சுரங்கத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. கீழே நின்று, ரோபோ ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.