வண்ணத்துக்குக் கீழே

கண்ணாடி உடைவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் இருக்கும். விரிசல் அங்கே கருக்கொள்ளும். ஆகவே, வெட்டியதும் ஓரத்தைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். தில்லிக் கடைகளில் இதற்குப் பெயர் ‘கிஸாயி’.

கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தைக்கு மேஜைக் கண்ணாடி செய்து கொடுக்கும் அந்தப் பட்டறையில் பல வருடங்களாக பெல்ட் மெஷின்தான். கண்ணாடியைக் கையில் ஏந்தி, ஓடும் பெல்ட்டில் காட்ட வேண்டும். கனமான கண்ணாடிக்கு இரண்டு ஆள். நான்கு தொழிலாளர்களின் கைகளிலும் தழும்புகள்.

வாடிக்கையாளர்கள் மாறினார்கள். குளியலறைத் தடுப்பு, கடைக் கதவு என்று எல்லாவற்றுக்கும் ‘டஃபண்ட்’ கண்ணாடி கேட்டார்கள். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய கண்ணாடி அது. கடினமான பின் அதை வெட்டவோ தேய்க்கவோ முடியாது, முயன்றால் தூள்தூளாகிவிடும். ஓரம் சரியில்லாவிட்டால் உலையிலேயே உடையும். அந்த நஷ்டம் ஓரம் தேய்த்தவர் தலையில்.

புதிய இத்தாலிய இயந்திரம் உரிமையாளருக்கு எட்டாக்கனி. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்து, பழைய இயந்திரம் ஒன்று வாங்க முடிவு செய்தார். பார்த்துச் சொல்ல, கடையிலேயே மூத்த பெல்ட் தொழிலாளியை உடன் அழைத்துப் போனார். எல்லோருக்கும் அவர் ‘உஸ்தாத்’.

கிடங்கில் இரண்டு இயந்திரங்கள். ஒன்று பளபளக்கும் புது வண்ணத்தில், 9 மோட்டார்களோடு. இன்னொன்று வண்ணம் உரிந்து, 7 மோட்டார்களோடு. உரிமையாளரின் கண் முதலாவதில் பதிந்துவிட்டது.

உஸ்தாத் முதலில் திறக்கச் சொன்னது தண்ணீர்த் தொட்டியை. வைரத்தூள் பதித்த சக்கரம் தண்ணீர் இல்லாமல் கண்ணாடியைத் தேய்த்தால் இரண்டுமே கெடும். புது வண்ண இயந்திரத்தின் தொட்டியில் கண்ணாடிச் சேறு சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது. தொட்டியைக் கவனிக்காதவர்கள் மற்றதை மட்டும் கவனித்திருப்பார்களா?

அடுத்து கன்வேயர். கண்ணாடியை இரு பக்கமும் பிடித்து நகர்த்தும் ரப்பர் பட்டைகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கண்ணாடி சாய்ந்து போகும். ஓரம் நேராக வராது. பிறகு சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொரு தண்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்.

மோட்டார் தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நேரடியாக இணைத்தால் சக்கரத்தின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். தரகர் இதைச் சொல்லவே இல்லை.

“மோட்டார் எண்ணிக்கையைப் பார்க்காதீங்க பையா. எது என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க” என்றார் உஸ்தாத். முதலில் வைரச் சக்கரங்கள் தேய்க்கும். அடுத்தவை அந்தத் தடத்தை மென்மையாக்கும். விளிம்பின் இரு முனைகளையும் மழுக்கத் தனிச் சக்கரங்கள் உண்டு. கடைசியில் சீரியம் ஆக்ஸைடு கலந்த நீரில் மெருகு. இதில் ஒன்று முடங்கினாலும் மற்றவை அதை ஈடுகட்டாது.

தரகர் 10 மி.மீ. கண்ணாடி ஒன்றை ஓட்டிக் காட்டினார். உஸ்தாத் பையிலிருந்து சொந்தத் துண்டுகளை எடுத்தார்: 5 மி.மீ., 12 மி.மீ., குறுகலான பட்டை ஒன்று. “ஒரு மணி நேரம் ஓடட்டும்” என்றார். பேரிங்கின் சூடு முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. அரை மணியில் புது வண்ண இயந்திரத்தின் மூன்றாவது மோட்டார் கை வைக்க முடியாதபடி கொதித்தது. 5 மி.மீ. துண்டின் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது.

வண்ணம் உரிந்ததில் ரப்பர் பட்டைகள் தேய்ந்திருந்தன; ஆனால் சீராகத் தேய்ந்திருந்தன. தண்டுகளில் ஆட்டமில்லை. மின்இணைப்பு வரைபடமும் பத்திரமாக இருந்தது. புதுப் பட்டைகளின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் முடிந்தது.

திரும்பும் வழியில் உஸ்தாத் கேட்டார்: “மெஷினுக்கு ஏத்த ஒரு ஆள், இறக்க ஒரு ஆள் போதும். மற்ற ரெண்டு பேர்?”

உரிமையாளரிடம் உடனடியாகப் பதில் இல்லை. நல்ல இயந்திரத்தைத் தேர்ந்து கொடுத்தவரே அதனால் வேலை இழக்கலாம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துளை போடுவதையும் வீடுகளில் பொருத்துவதையும் அதுவரை வெளியாட்களிடம் கொடுத்து வந்தார். அந்த வேலையைக் கடைக்கே கொண்டுவந்து, இளையவர்கள் இருவரையும் அதில் போட்டார். கடன் தவணை இருக்கும்போது இது துணிச்சல்தான்.

உஸ்தாத் இப்போது இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறார். தினமும் மாலையில் தொட்டியைக் கழுவாமல் யாரையும் வீட்டுக்கு விடுவதில்லை.