முற்றோதல் ஞாயிறு

பணி ஓய்வு விழாவில் சால்வை போர்த்தி, "இனிமே நிம்மதியா சாமி கும்பிடலாம் சார்" என்று அனுப்பிவைப்பார்கள். எங்கள் தெரு மின்வாரியக் கணக்கரையும் அப்படித்தான் அனுப்பினார்கள். அவரும் விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, பூஜையை முடிப்பார். பிறகு பேப்பரை வரி விளம்பரம் வரை படித்துவிட்டு, மத்தியானம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவார். பக்திக்குக் குறைவில்லை. பொழுதுதான் நகரவில்லை.

அவரை மீட்டது திருவாசக முற்றோதல். 51 பதிகம், 658 பாட்டு. காலையில் சிவபுராணத்தில் தொடங்கினால் அச்சோப் பதிகத்துக்கு வர மாலையாகிவிடும். வருகிறவர்கள் பெரும்பாலும் பென்ஷன்காரர்கள். மடியில் பெரிய எழுத்துப் புத்தகம், பையில் பிரஷர் மாத்திரை. திருப்பொற்சுண்ணம் வந்ததும் நடுவில் உரலை வைத்து மஞ்சளைப் போட்டு ஆளுக்கு ஒரு இடி இடிப்பார்கள். முட்டிவலி என்று நாற்காலியை விட்டு அசையாத ஓர் அம்மாள் உலக்கைக்கு மட்டும் எழுந்து வந்தார். இரண்டு இடி இடித்துவிட்டு, பாட்டை மறந்து மாமியார் வீட்டு உரல் கதையை ஆரம்பித்துவிட்டார்.

கணக்கருக்கு முற்றோதல் குழுவில் ஒரு வேலை கொடுத்தார்கள்: முந்தின நாள் எல்லோருக்கும் போன் போடுவது. "என்னம்மா, போன தடவை காணோம்? சுகர் ஏறிடுச்சா?" என்று அவர் அதட்டுவது எங்கள் வீடுவரை கேட்கும்.

இப்படிக் கூடுகிறவர்களைப் பற்றி அமெரிக்காவில் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற ஆய்வாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்களின் மனநிறைவுக்கு அங்கே கிடைக்கும் நட்பே பெரிய காரணம் என்றார்கள். ஆனால் மதத்தைத் தன் வாழ்வின் முக்கியப் பகுதியாக நினைப்பவர்களுக்கே அந்த நட்பு அப்படிப் பலிக்கிறதாம். பெரும்பாலும் தேவாலயம் போகிறவர்களை வைத்துச் சொன்னதுதான். இங்கும் பொருந்துகிறது என்பேன். சாப்பாட்டுக்கும் அரட்டைக்கும் வந்தவர்கள் சீக்கிரமே நின்றுவிட்டார்கள். வீட்டில் தனியே பக்தி சேனல் பார்க்கிறவர்கள் முகத்திலோ, முற்றோதலுக்கு வருகிறவர்கள் முகத்தில் இருக்கும் களை இல்லை.

குழுவில் ஒருவர் தவறியபோது எல்லோரும் அவர் வீட்டுக்குப் போய்ச் சிவபுராணம் பாடினார்கள். சில மாதம் கழித்து அவர் மனைவியும் முற்றோதலுக்கு வர ஆரம்பித்தார்; கணக்கரின் போன் பட்டியலில் இப்போது அவர் பேரும் உண்டு.

சண்டையும் இல்லாமல் இல்லை. வேகமாகப் பாடினால் பொருள் கெடும் என்று ஒரு கட்சி, இழுத்துப் பாடினால் கடைசி பஸ் போய்விடும் என்று இன்னொரு கட்சி. கணக்கர் பஸ் கட்சி.