சைக்கிளில் போன விரிவுரையாளர்

படித்த ஆட்களுக்கு எங்கட கஷ்டம் விளங்காது என்று சகோதரிகள் பலர் என்னிடம் சொல்வதுண்டு. அப்போதெல்லாம் எனக்கு ராஜினி திராணகமவின் நினைவுதான் வரும். நான் சமூகவியல் படித்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தின் லிவர்பூலில் மேற்படிப்பை முடித்தவர், அங்கேயே தங்கிவிடாமல் யுத்தத்துக்குள்ளேயே திரும்பி வந்தார். நிராதரவான பெண்களுக்கான ‘பூரணி’ இல்லத்துக்காகவும் உழைத்தார். கற்பித்தது உடற்கூற்றியல், ஆனால் 1987 யுத்தத்தில் பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதினார். சமூகவியல் படித்த எங்களில் எத்தனை பேர் அப்படிப் போனோம்? ‘முறிந்த பனை’ நூலில் அவை இருக்கின்றன.

1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். வயது 35. எனக்கு இப்போது அதே வயது.