பட்டுவும் பட்டாசும்

எங்கள் வீட்டில் ஒரு பூனை இருப்பது எதிர் போர்ஷன்காரர்களுக்கே ரொம்ப நாள் தெரியாது. அப்படியொரு பயந்தாங்கொள்ளி! குக்கர் விசில் அடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்பே மோப்பம் பிடித்து பீரோவுக்கு அடியில் போய்விடும். காலிங்பெல், கூரியர் பையன், அப்பாவின் தும்மல்... எல்லாவற்றுக்கும் அதே பீரோதான்.

பெயர் பட்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டைக்குள் புகுந்தபோது, மாடிப்படியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை அம்மா முந்தானையில் சுற்றித் தூக்கி வந்தாள். அன்றைக்குப் பிடித்த பயம், இன்னும் விடவில்லை. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது பட்டு வெளியே வருவது அப்பாவுக்காக மட்டும்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து அவர் காலடியில் சுருண்டுகொள்ளும். நாளெல்லாம் என்னிடம் நாலு வார்த்தை பேசாத மனுஷர், அதனிடம் மணிக்கணக்கில் பேசுவார். பென்ஷன் விவகாரம் உட்பட.

இந்த நிலவரத்தில்தான், எங்கள் ஆபீஸ் டூவீலர் ஸ்டாண்டில் ஒரு குட்டி. "ரெண்டு நாளா கத்துது சார், தாயைக் காணோம்" என்றார் வாட்ச்மேன். உள்ளங்கை அளவு உடம்பு; ஊரைக் கூட்டும் குரல். வீட்டுக்கு வருவதற்குள் 'பட்டாசு' என்று பெயரே வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மாமா உடனே ஒரு யோசனை சொன்னார். "ரெண்டையும் ஒரே ரூம்ல போட்டுக் கதவைச் சாத்துப்பா. நாலு பிறாண்டு பிறாண்டிக்கும். அப்புறம் தாயா பிள்ளையா ஆயிடும்."

நான் கால்நடை டாக்டரிடம் போனேன். குட்டியைப் பரிசோதித்துவிட்டு, "கொஞ்ச நாள் தனி அறையில வைங்க. பூனைக்கு மூக்குதான் சார் கண்ணு. முதல்ல வாசனை பழகணும், அப்புறம் சத்தம், கடைசியாத்தான் முகம். எத்தனை நாள்ங்கிறதை உங்க பழைய பூனை முடிவு பண்ணும்" என்றார்.

நியாயம்தானே? நீங்கள் காலையில் ஆபீஸ் போகிறீர்கள். முன்பின் தெரியாத ஒருத்தன் உங்கள் சீட்டில் உட்கார்ந்து, உங்கள் டம்ளரில் காபி குடித்துக்கொண்டு, 'ஹலோ பிரதர்!' என்றால் எப்படி இருக்கும்?

சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷத்துக்கு முன்பே ஒரு மனிதனின் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். 2004-ல் வெளியான செய்தி. நம்மோடு அத்தனை காலப் பழக்கம். ஆனால் அதன் மூதாதையான காட்டுப்பூனை, தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்கிற ஜாதி. ஒரு எலியை எப்படிப் பங்கு போடுவது?

பட்டாசு பின்னறையில். பட்டு பீரோ அடியில். முதல் நாள் அது சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் காலையிலும் தட்டு அப்படியே இருந்தது. டாக்டர் இதைத்தான் எச்சரித்திருந்தார். பூனை நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும்; உயிருக்கே ஆபத்து. ஆபீசுக்கு லீவு சொன்னேன். அப்பா பீரோவுக்கு முன்னால் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"டேய், இதுவும் போயிடுச்சுன்னா..." என்றவர் அதற்கு மேல் பேசவில்லை.

எழுந்து பீரோவைத் திறந்தார். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை ஒன்று. அதை இரண்டாகக் கிழித்தார். அந்தச் சத்தம் எனக்கு என்னவோ செய்தது. ஒரு பாதியைப் பட்டு பக்கம் தள்ளினார். இன்னொரு பாதியைக் குட்டிக்கு விரித்தார். ராத்திரி இரண்டையும் மாற்றிப் போட்டார். பட்டு தலையை மட்டும் நீட்டி, குட்டி படுத்திருந்த துணியை வெகுநேரம் முகர்ந்தது. உஸ்ஸென்று சீறியது. பிறகு, தட்டுக்கு வந்து நாலு வாய் மீன் சாப்பிட்டது!

அப்புறம் நடந்ததெல்லாம் பொறுமை சமாசாரம். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. தினம் ஒரு சாண் நெருக்கம். இரண்டு பூனைக்கு மூன்று மண்தொட்டி வைக்க வேண்டுமாம். (ஒரே பாத்ரூமுக்கு க்யூவில் நிற்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகள் பெருமூச்சு விடலாம்.) பத்தாம் நாள் கதவை இரண்டு விரல்கடை திறந்தோம். மறுபடி சீறல். சீறினால் திட்டக் கூடாது. 'கிட்ட வராதே' என்று மரியாதையாகச் சொல்வது அது, அடிதடியைத் தவிர்க்கத்தான்.

இருபத்திரண்டாம் நாள் ராத்திரி, பட்டாசு கதவிடுக்கில் நுழைந்து நேரே அப்பாவின் கட்டிலுக்கு ஓடியது. பட்டு எழுந்து நின்றது. முதுகு வில்லாக வளைந்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. குட்டி கொஞ்சமும் லட்சியம் செய்யாமல், அதன் வாலைக் கவ்வியது.

பளார்! நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரே ஓர் அறை.

பட்டாசு பீரோவுக்கு அடியில் ஓடிப் பதுங்கியது. பட்டு நிதானமாகத் தன் வாலை நக்கிக்கொண்டு அப்பாவின் காலடியில் படுத்தது.

அப்பா சிரித்தார். "உங்கம்மா மாதிரியே அறையறாடா!"