மங்கில் சொட்டிய வெளிச்சம்

பொறுமை கடலினும் பெரிது. பத்து காவானில் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் இந்தப் பழமொழியை அழகான கையெழுத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது சென்ற ஆண்டுதான். விளங்க வைத்தவை ஒரு பழைய கேமராவும் என் பாட்டியும்.

ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட்டில் காலையில் கூடும் பழைய பொருள் சந்தையில் அந்தக் கேமராவைக் கண்டேன். ஜெர்மனியில் தயாரான ‘நிசோ’. கோடாக் நிறுவனம் 1965இல் அறிமுகப்படுத்திய சூப்பர் 8 ஃபிலிமில் படம் பிடிப்பது. பேரம் பேசி 150 வெள்ளிக்கு வாங்கினேன். “கைப்பேசி இருக்கும்போது இந்த இரும்பு எதற்கு?” என்று விடுதித் தோழிகள் சிரித்தார்கள்.

அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஒரு பெட்டி ஃபிலிமின் நீளம் 15 மீட்டர்தான். அதில் 3,600 படங்கள் அடங்கும். வினாடிக்கு 18 படம் என்று ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடியில் முடிந்துவிடும். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. பிடிக்காததை அழிக்கவும் முடியாது. ஆனால் இந்தக் கேமராவுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே இவ்வளவு நேரம் என்று குறித்து வைக்கலாம். இருட்டில் ஷட்டரைப் பல வினாடிகள் திறந்தே வைக்கலாம். 15 வினாடிக்கு ஒரு படம் என்றால் மூன்று மணி நேரத்தில் 720 படங்கள் வரும். அவற்றை ஓட்டிப் பார்த்தால் 40 வினாடி. மூன்று மணி நேரம் 40 வினாடிக்குள் சுருண்டுவிடுகிறது!

இது புதிய வித்தையன்று. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, மேகம் விட்ட நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்து வந்தார்கள். அப்படங்களை வரிசையாக அடுக்கினால், சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைவதைக் கண்ணால் காணலாம். ஒரு மனிதரின் கண்ணுக்கு எட்டாத மெதுவான மாற்றத்தை, பலருடைய பொறுமை காட்டித் தருகிறது.

செமஸ்டர் விடுமுறையில் கேமராவையும் ஒரே ஒரு பெட்டி ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். என் நோக்கம் இரண்டாவது பினாங்குப் பாலம். 2014 மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலின் மேல் செல்கிறது. நான் தொடக்கப்பள்ளிக்குப் போன காலத்தில் எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னால் “அது எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். இப்போது பாலமும், தொழிற்பேட்டையும், 2019இல் வந்த ஐக்கியா கடையும் ஊரை எல்லோருக்கும் தெரிய வைத்துவிட்டன. அந்தப் புதிய வெளிச்சத்தைப் படம் பிடிப்பதுதான் என் ஆசை.

பாட்டி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னா கண்ணு இது, எப்படி வேலை செய்யுது?”

எனக்கு வாய் அடைத்துப் போனது. இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தவள் நான். எனக்குத் தெரிந்த விளக்கம் எல்லாம் அந்த மொழிகளில்தான் இருந்தது. தட்டுத் தடுமாறி, “இருட்டுல வெளிச்சம் கம்மி பாட்டி. அதனால கதவைத் திறந்து வெச்சிட்டுக் காத்திருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா உள்ள விழும்” என்றேன்.

பாட்டி சிரித்தார். “அப்ப மங்குல பால் சொட்டுற மாதிரின்னு சொல்லு!”

இளம் வயதில் பால்மரம் சீவியவர் அவர். விடியுமுன் சீவிவிட்டு, மங்கு நிறையக் காத்திருந்து, பிறகு வாளியில் ஊற்றிச் சுமந்தவர். நான் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு எஸ்.பி.எம். வரையிலும் தமிழ் படித்திருந்தும் என் வாயில் வராத உவமை, பள்ளிக்கே போகாத பாட்டியின் வாயில் ஒரு நொடியில் வந்தது. நான் வெட்கப்பட்டேன் என்றால் மிகையாகாது.

கேமரா ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க, அன்றிரவு எட்டு மணிக்கு வாசலில் முக்காலியை நிறுத்தி, வீட்டின் அஞ்சடியையும் பக்கத்து வரிசை வீடுகளையும் நோக்கிக் கேமராவை வைத்தேன். பாட்டி வழக்கம்போல் நாற்காலியில் அமர்ந்து மறுநாள் சாமிக்குப் பூக் கட்டினார். பதினோரு மணிக்கு நிறுத்தினேன். 720 படங்கள் தீர்ந்தன.

“பாலத்தைப் பிடிக்கிறியே, இந்த வீட்டையும் நல்லாப் பிடிச்சு வெச்சுக்கயேன். அடுத்த மாசம் காலி பண்ணணும்” என்றார் பாட்டி.

“பிடிச்சாச்சே பாட்டி” என்றேன், அலட்சியமாக.

மீதியிருந்த 2,880 படங்களை, அதாவது பன்னிரண்டு மணி நேரத்தை, பாலத்துக்குக் கொடுத்தேன். நான்கு இரவுகள் மாமா தம் காடியில் என்னைக் கடலோரத்துக்கு அழைத்துச் சென்று, கொசுக்கடியோடு காவலும் இருந்தார். ஐந்தாம் நாள் ஃபிலிமைப் பதனிட வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்பினேன்.

படம் கணினிக் கோப்பாகத் திரும்பி வர ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் பாட்டி வீட்டைக் காலி செய்து, மாமாவின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

விடுதி அறையில் கோப்பைத் திறந்தேன். பாலம் வந்தது. சில வினாடிகள் விளக்குகள் மணிமாலைபோல் மின்னின. பிறகு பால் கலந்த நீர்போல் எல்லாம் மங்கின. கடலோர ஈரக்காற்றில் லென்சின் மேல் நீர் படிந்திருக்கிறது. நான்கு இரவும் அதைத் துடைக்க எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு மணி நேர உழைப்பில் தேறியது கொஞ்சம்தான்.

ஆனால் சோதனைக்கு எடுத்த முதல் 40 வினாடி தெளிவாக இருந்தது. வீட்டைக் கடந்து போன மோட்டார் சைக்கிள்கள் வெறும் ஒளிக்கோடுகளாக இருந்தன, ஓட்டியவர்கள் இல்லை. பாட்டியின் கைகள் புகைபோல் கலங்கியிருந்தன. முகம் மட்டும் நிலைத்து நின்றது. 1838இல் பாரிசில் லூயி டாகேர் ஒரு தெருவைப் படம் பிடித்தபோதும் இப்படித்தான் நடந்தது. பல நிமிடம் ஒளி விழ வேண்டியிருந்ததால் நடந்தவர்களும் வண்டிகளும் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற மனிதர் மட்டும் பதிந்தார். அசையாமல் காத்திருந்தவரையே ஒளி நினைவில் வைத்துக்கொள்கிறது.

அந்த வார இறுதியில் பாட்டியிடம் காட்டினேன். தம் முகத்தைப் பார்த்து மகிழ்வார் என்று எண்ணினேன். அவரோ தம்மைப் பார்க்கவே இல்லை. பின்னால் தெரிந்த சன்னல்களைப் பார்த்தார்.

“நிப்பாட்டு, நிப்பாட்டு. இந்த வெளக்கு யாரு வீடு தெரியுமா? உன் அம்மாவுக்குப் பேறு பார்த்த ஆயா வீடு. இந்தா அணையுது பாரு, அது டிரைவர் வீடு. விடிகாலை வேலைக்காரரு, சீக்கிரம் படுத்திடுவாரு. கடைசி வரைக்கும் எரியுதே, அது மகன் சிங்கப்பூருலேருந்து போன் பண்ணுவான்னு உக்காந்திருக்கிற அம்மா.”

நான் ஒளிப்புள்ளிகள் என்று நினைத்தவற்றுக்கெல்லாம் பெயர் இருந்தது. 40 வினாடிப் படத்தைப் பாட்டி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்தார். நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வீட்டின் கதையையும் கேட்டு, குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். அந்த வரிசையில் இப்போது ஒரு விளக்கும் எரிவதில்லை.

பாலம் எங்கும் போய்விடாது. நாளைக்குப் போனாலும் அதைப் படம் பிடிக்கலாம். பாட்டியின் அஞ்சடிக்கு இனி நான் திரும்ப முடியாது. பன்னிரண்டு மணி நேரத்தை நிலைத்து நிற்பதற்குக் கொடுத்துவிட்டு, போகப்போவதற்கு மூன்று மணி நேரம் மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். இந்தக் கணக்கு இன்றும் என்னை உறுத்துகிறது.

நண்பர்களே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது உங்கள் கையில் எந்தக் கேமரா இருந்தாலும் சரி, ஒரு மாலை முழுதும் வீட்டு வாசலில் உட்காருங்கள். அவசரப்படாதீர்கள். மங்கு நிறைய நேரம் ஆகும்.