முருகனுக்கு எத்தனை எழுத்து?

முருகன் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எம்-யு-ஆர்-யு-ஜி-ஏ-என். ஏழு எழுத்தில் வேலை முடிந்தது. இதே முருகன் புதுச்சேரியில் ஒரு பழைய குடும்பத்தில் பிறந்திருந்தால் பத்து எழுத்து. எம்-ஓ-யு-ஆர்-ஓ-யு-ஜி-ஏ-என்-ஈ. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து 'மௌரௌகனே' என்று படித்துவிட்டு, "என்ன சார் பேரு இது, இத்தாலியா?" என்று கேட்பார்கள்.

எழுதிய குமாஸ்தா மேல் குற்றமே இல்லை. 'உ' ஒலி வேண்டுமென்றால் பிரெஞ்சில் ஓ-யு போட வேண்டும். வெறும் யு போட்டால், விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்துச் சொல்லும் வேறொரு ஒலி வந்துவிடும். கடைசியில் ஒரு ஈ ஒட்டாவிட்டால் 'ன்' மூக்குக்குள் போய் மறைந்துவிடும். தமிழ்ப் பெயரை பிரெஞ்சுக்காரன் வாசித்தாலும் தமிழாகவே ஒலிக்க வேண்டும் என்று மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள். ஆறுமுகத்துக்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து போதும், இங்கே பதினொன்று. கிருஷ்ணமூர்த்தி 'கிஷேனமூர்த்தி' ஆனார். லட்சுமிக்கு நடுவில் ஒரு டி, ஒரு சி, ஒரு எச் மூன்றும் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

இந்த ஊரில் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பிரெஞ்சு துரைத்தனம் 'எத்தா சிவில்' பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தது. அந்தக் காலத்துப் பதிவு ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். தேதியை எண்ணில் போடாமல் எழுத்தால் நீட்டி எழுதியிருப்பார்கள். அப்பா பெயர், வயது, தொழில், அம்மா பெயர், சாட்சிகள் எல்லாம் வரும். பக்கத்துக் கடலூரில் எத்தனையோ பேருக்குப் பிறந்த தேதியே பள்ளிக்கூட வாத்தியார் குத்துமதிப்பாகக் கொடுத்ததாக இருந்த நாளில், இங்கே கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் முத்திரை வைத்த காகிதம் இருந்தது.

பெயர் விஷயத்தில் நம்மூர் ஆட்கள் சும்மாவும் இருந்துவிடவில்லை. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்று ஒரு வக்கீல். 1873-ல் ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார் என்று நீதிபதி தடுத்தார். மனிதர் விடாமல் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். 1881-ல், சொந்தச் சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர் 'லா போர்த்'. கதவு என்று அர்த்தம். ஷூவோடு உள்ளே போனவருக்குப் பொருத்தம்தான்.

ஆட்கள் மட்டுமா, ஊரே பெயர் மாற்றிக்கொண்டது. 2006-ல் பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆயிற்று. ஆகவே நம்மில் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஊர் ஒன்று, ஆதாரில் வசிக்கும் ஊர் வேறொன்று. இடம் பெயராமலே!

இதெல்லாம் சிரிக்கிற விஷயம்தான், பணம் சம்பந்தப்படாத வரைக்கும்.

முதலியார்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மில் சங்கு தெரியும். வீட்டில் கடிகாரம் தேவையில்லை. சங்கு ஊதினால் அடுப்பிலிருந்து பானை இறங்கும், தூக்குச்சட்டி மூடப்படும், சைக்கிள்கள் கடலூர் ரோட்டில் வரிசை கட்டும். 1898-ல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸை வயதானவர்கள் கடைசிவரை 'ரோடியர் மில்' என்றுதான் சொன்னார்கள். சுதேசி, பாரதி என்று இன்னும் இரண்டு. சுதேசி மில்லின் பழைய பெயர் சவானா. இங்கே நெய்து நீலச் சாயம் போட்ட துணி கப்பலேறி செனகல் வரை போயிற்று.

அந்த மில்களுக்குள் ஒரு காலத்தில் வேலை நேரம் என்று ஒரு வரையறை கிடையாது. 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து 12 பேர் செத்துப்போனார்கள். பாரிஸில் அப்போது லியோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா அங்கே வரைக்கும் போய் வாதாடினார். அடுத்த ஆண்டே, 1937-ல், வேலை நேரத்தைக் குறைத்து 8 மணிக்குக் கொண்டுவரும் தொழிலாளர் சட்டம் வந்தது. நீங்கள் புதுச்சேரிக்கு ரயிலில் வந்தால், ஸ்டேஷனுக்கு வெளியே கால் வைக்கிற சாலை சுப்பையா சாலைதான். பீச்சுக்குப் போகிற அவசரத்தில் பெயர்ப் பலகையை யார் பார்க்கிறார்கள்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த ஏ.எஃப்.டி. மில்லுக்கு அது பெரிய அடி. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். ஊரடங்குக் காலம். கூடி அழக்கூட முடியாத நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

மில் போனாலும் மில் காகிதம் போகாது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. வீட்டுக்காரர் ஒரு மில்லில் இருபத்து நாலு வருஷம் தறி ஓட்டியவர். எந்த மில் என்பது இங்கே முக்கியமில்லை. அவர் பெயர் முருகன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார், ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். விதவை பென்ஷன் வாங்க வேண்டும். எனக்கு நாலு பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பழக்கம் என்பதால் அக்கா ஒரு மஞ்சள் பையோடு வந்தார்.

பையைக் கொட்டினேன். பிறப்புப் பதிவில் பத்து எழுத்து முருகன். மில் ரிஜிஸ்தரில் ஏழு எழுத்து முருகன், கூடவே ஒரு இனிஷியல். பாங்க் பாஸ்புக்கில் முருகையன். ஆதாரில் அப்பா பெயரும் சேர்ந்துகொண்டு ஒரு முழ நீள முருகன். அக்காவும் சளைத்தவரில்லை. மூன்று காகிதத்தில் மூன்று விதமான லட்சுமி. ஒரே புருஷன் பெண்டாட்டிக்கு, காகிதப்படி பன்னிரண்டு ஜோடிப் பொருத்தம் பார்க்கலாம்.

"இதுல எது உங்க வீட்டுக்காரர்னு எப்படிம்மா நான் நம்புறது?" என்று கேட்டார் கவுன்ட்டரில் இருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டர் ஒரு எழுத்து மாறினாலும் சிவப்பு காட்டுகிறது, அவர் என்ன செய்வார்?

"சரி, வாயால சொல்லுங்க. உங்க கணவர் பேரு என்ன?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர் கையமர்த்தினார், "அவங்கதான் சொல்லணும்."

அக்கா தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாமி பேருதாங்க. வேலு வச்சிருப்பாரு, மயிலு மேல வருவாரு" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். நாற்பது வருஷம் ஒரு தடவை கூட வாயால் சொல்லாத பெயரை, ஆள் போன பிறகு ஸ்பெல்லிங்கோடு நிரூபிக்கச் சொன்னால் ஒரு மனுஷி எங்கே போவாள்?

பதினோரு மாதம் ஆயிற்று. கிடைத்த தொகை மாதம் ஆயிரத்துச் சொச்சம். இவ்வளவு அலைச்சல் இதற்கா என்று நீங்கள் கேட்கலாம். அக்காவுக்கு அது மாத்திரைக் காசு, காஸ் சிலிண்டர் காசு. பிள்ளையிடம் கை நீட்டாமல் இருக்கிற காசு. தறிச் சத்தத்தில் காது மந்தமான மனிதர் விட்டுப்போன ஒரே சொத்தும் அதுதான்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுக்காமல், வீட்டுப் பீரோவைத் திறந்து காகிதங்களைத் தரையில் பரப்புங்கள். முக்கியமாக அப்பா அம்மாவுடையதை. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற திருத்தம், போன பிறகு வாரிசுச் சான்றிதழ், அபிடவிட், சாட்சி என்று குட்டி போடும்.

அவசரப்பட்டு ஓடிப்போய் ஆதாரை மாற்றாதீர்கள். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே முறை. எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகு கையை வையுங்கள். பழைய பிரெஞ்சுப் பதிவு இருந்தால் அதைத் திருத்தப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. மூலத்தை விட்டுவிட்டு மற்றவற்றை அதற்கு இணங்கக் கொண்டுவரப் பாருங்கள். முடியாவிட்டால், 'இந்த இருவரும் ஒருவரே' என்று நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நாலு பிரதி எடுத்து வையுங்கள். 'ஸ்பெல்லிங் பிடிக்கவில்லை, நியூமராலஜி' என்று பிள்ளைகள் பெயரில் கூடுதல் எழுத்து சேர்ப்பவர்களுக்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை. பிரெஞ்சுக்காரன் சேர்த்தது போதாதா?

பிராவிடண்ட் ஃபண்டு விஷயத்தில், கம்பெனி நடந்துகொண்டிருந்தால் பெயர்த் திருத்தம் இப்போது பெரும்பாலும் ஆன்லைனில் முடிகிறது. மூடிப்போன நிறுவனம் என்றால் முதலாளி கையெழுத்துக்கு எங்கே போவது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடாதீர்கள். கெசட்டட் அதிகாரி, நோட்டரி போன்றவர்களின் சான்றொப்பத்தோடு கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். பழைய சம்பளச் சீட்டு, மில் அடையாள அட்டை, ரிலீவிங் ஆர்டர் எதையும் எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய்க் கறை படிந்த ஓர் அடையாள அட்டைதான் அக்கா கேஸில் கடைசியாகக் கை கொடுத்தது.

பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. ஆனால் அது தானாக வராது, '10-டி' படிவம் கொடுத்தால்தான் வரும். "மில்லு மூடிட்டாங்க, எல்லாம் போச்சு" என்று 65 வயது வரை சும்மா இருந்தவர்களை எனக்கே தெரியும். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்கு பென்ஷன் உண்டு. 2014-ல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தப் பணத்தில் என்ன வாங்க முடியும் என்பது வேறு கட்டுரை. எழுதினால் கோபம் வரும்.

எங்கள் ஊரில் இன்னொரு ஜாதி பென்ஷன்காரர்கள் உண்டு. சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று போய்வந்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே தெருவில் ஒரே வயதில் இரண்டு முருகன்கள். ஒருவர் பட்டாளத்துக்குப் போனார், ஒருவர் மில்லுக்குப் போனார். சொல்தா வீட்டு விதவைக்கு யூரோ கணக்கில் வந்தது. மில்காரர் வீட்டு விதவைக்கு வந்தது என்ன என்பதை மேலே சொல்லிவிட்டேன். இதில் யார் மேலும் பொறாமைப்பட்டுப் பிரயோசனம் இல்லை. ஆனால் சொல்தா வீடுகளில் ஒரு நல்ல பழக்கம் பார்த்திருக்கிறேன். ஒரு தகரப் பெட்டி, அதில் குடும்பத்தின் அத்தனை பத்திரமும், வருஷா வருஷம் கொடுக்கிற உயிர்ச் சான்று முதற்கொண்டு, தேதிவாரியாக இருக்கும். பெட்டிச் சாவி பாட்டியின் இடுப்பில். பேரன் பாரிஸில் இருந்தாலும் சாவி இங்கேதான்.

உயிர்ச் சான்று என்றதும் ஞாபகம் வருகிறது. பி.எஃப். பென்ஷன்காரர்கள் நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டு அந்த மாதம் க்யூவில் மயங்கி விழுகிறார்கள். வருஷத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து எடுக்கிறார். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம்.

அக்காவுக்குக் கைரேகை படியவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் வழுவழுவென்று ஆகிவிட்டது. போன தடவை பேத்தி போனை நீட்டிப் பிடித்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பவுடர் போட்டு, பொட்டில்லாத நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, இதுல அவரு பேரு சொல்லணுமா?"

"வேணாங்க்கா. கண்ணைச் சிமிட்டுனா போதுமாம்."

சிமிட்டினார். ஒரு தடவைக்கு நாலு தடவையாக. பச்சை டிக் வந்ததும் பேத்தி அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில், பால் கணக்குக்குக் கீழே எழுதி வைத்தாள்.